மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து தம்பதியராகச் செல்லும் முதல் நீண்ட தீம் பார்க் பயணம்: முழுமையான வழிகாட்டி

கிழக்கு மாகாணத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலானோர் தொழிலுக்காகவோ, படிப்புக்காகவோ, யாத்திரைக்காகவோ, உம்ராவுக்காகவோ, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகவோதான் போகிறார்கள். கணவனும் மனைவியும் மட்டும், விளையாடிக் களிப்பதற்கென்றே பத்துப் பன்னிரண்டு நாட்களை ஒதுக்கிக்கொண்டு போவது நம் பக்கத்தில் புதிய வழக்கம். அதனால் வீட்டில் அனுபவம் சொல்ல ஆள் இருப்பதில்லை. பயண முகவர் நீட்டும் பக்கேஜில் அடுத்தடுத்த நாட்களில் அடுத்தடுத்த பூங்காக்கள் அடைக்கப்பட்டிருக்கும். மூன்றாம் நாள் காலையில் ஒருவருக்குக் கால் வீங்கியிருக்கும், மற்றவருக்குப் பொறுமை தீர்ந்திருக்கும். இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான்: ஒரு பூங்கா நாளுக்கும் அடுத்த பூங்கா நாளுக்கும் இடையில் குறைந்தது ஒரு நாளாவது விட்டுத் திட்டமிடுங்கள். ரிக்கெற், ஹோட்டல், விசா எல்லாவற்றையும் அந்த ஒழுங்குக்கு ஏற்பவே அமைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருவரும் பேசித் தீர்க்க வேண்டியவை

பணத்தைக் கணக்குப் பார்ப்பதற்கு முன் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது பயத்தைப் பற்றி. தலைகீழாகச் சுழலும் ரோலர் கோஸ்டர் ஒருவருக்கு ஆசையாகவும் மற்றவருக்கு வயிற்றைக் கலக்குவதாகவும் இருப்பது மிகச் சாதாரணம். பயப்படுகிறவர் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, போன இடத்தில் வரிசையின் முனையில் வைத்து மறுத்தால் இருவருக்கும் அன்றைய நாள் கெட்டுவிடும். உயரம், வேகம், இருட்டு, தண்ணீர் ஆகிய நான்கில் எது யாருக்கு ஒத்துவராது என்பதை வீட்டிலேயே பேசி, ‘நீங்கள் ஏறுங்கள், நான் கீழே நிற்கிறேன்’ என்று சொல்வது குறையல்ல என்ற உடன்பாட்டுக்கு வந்துவிடுங்கள்.

பேச்சு மட்டும் போதாது என்று நினைப்பவர்கள், கொழும்புக்கு வேறு அலுவலாகப் போகும்போது பண்டாரகமவிலுள்ள பேர்ல் பே அல்லது ஹங்வெல்லப் பக்கத்திலுள்ள லெஷர் வேர்ல்ட் போன்ற ஒரு பூங்காவில் ஒரு நாளைச் செலவிட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பூங்காக்களோடு அவற்றை ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் யாருக்குத் தலை சுற்றுகிறது, வெயிலில் யார் முதலில் களைக்கிறார், நனைந்த உடையோடு நடக்க யாருக்கு எரிச்சல் வருகிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

உடல்நிலையையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிட வேண்டும். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், முதுகு அல்லது கழுத்து நோவு உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் வேகமான ரைடுகளில் ஏற வேண்டாம் என்றே எல்லாப் பூங்காக்களும் அறிவுறுத்துகின்றன. புதுமணத் தம்பதியர் பயணத்தை ஆறு மாதம் முன்கூட்டியே பதிவு செய்வதானால் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பையும் மனதில் வைத்து, திகதி மாற்றக்கூடிய ரிக்கெற்றுகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்வது வீண் செலவல்ல.

எங்கே போவது

முதல் பயணத்துக்கு நான் சிங்கப்பூரையும் மலேசியாவையும் சேர்த்தே பரிந்துரைப்பேன். கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணித்தியாலப் பறப்புதான். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் குறுகிய சுற்றுலாவுக்குச் சிங்கப்பூர் செல்ல முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. மரக்கறிச் சாப்பாடும் ஹலால் சாப்பாடும் தேடி அலைய வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பயணமும் பெரிய பூங்காவும் ஒருசேரப் புதிதாக இருக்கும்போது, சாப்பாடும் மொழியுமாவது பழகியவையாக இருந்தால் மனம் இலேசாக இருக்கும்.

சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2010இல் திறக்கப்பட்ட யூனிவர்சல் ஸ்டூடியோஸ்தான் இந்தப் பயணத்தின் நடுநாயகம். அதே தீவில் அட்வெஞ்சர் கோவ் என்ற நீர்ப்பூங்காவும், 2025இல் பெரிதாக்கித் திறக்கப்பட்ட ஓஷனேரியம் என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் இருக்கின்றன. மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே சன்வே லகூன் என்ற நீர்ப்பூங்காவும், கெந்திங் மலையுச்சியில் 2022இல் திறக்கப்பட்ட ஸ்கைவேர்ல்ட்ஸ் தீம் பார்க்கும் உள்ளன. ஜொகூரில் 2012இல் வந்த லெகோலாண்டும் பேர்பெற்ற இடமே. ஆனால் அது சிறு பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. பிள்ளைகளோடு போகும் காலத்துக்கு அதை விட்டு வைப்பதே சரி.

எப்போது போவது

நம் மாவட்டங்களில் பெரும்போக அறுவடை தை மாதக் கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை போகும். சூடடிப்பு முடிந்து நெல்லை விற்றுக் கையில் காசு வரும் அந்தக் காலமும் சிங்கப்பூரில் மழை மிகக் குறையும் காலமும் ஒன்றாக அமைவது நமக்குக் கிடைத்த வசதி. அங்கே நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அதிகம். பெப்ரவரியே ஆண்டின் மிக வறண்ட மாதம். ஆகவே சீனப் புத்தாண்டு கழிந்தபின், மார்ச் நடுப்பகுதியில் வரும் சிங்கப்பூர்ப் பாடசாலை விடுமுறை வாரத்துக்கு முன்னுள்ள நாட்களே பொதுவாக மிகச் சிறந்தவை. சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் நகர்ந்து நகர்ந்து வருவதால் அந்தந்த ஆண்டின் திகதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. 2026இலும் 2027இலும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் றமழான் வருவதால் காத்தான்குடி, ஏறாவூர், கல்முனை, அக்கரைப்பற்றுப் பகுதிகளின் முஸ்லிம் தம்பதியருக்கு ஜூலை அல்லது ஒகஸ்ட் வசதியாக இருக்கும். ஆசிரியத் தம்பதியருக்கும் நம் ஒகஸ்ட் விடுமுறை ஒத்துவரும். ஏனெனில் சிங்கப்பூர்ப் பாடசாலைகளின் பெரிய விடுமுறைகள் மே கடைசி முதல் ஜூன் கடைசி வரையும், நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் டிசெம்பர் முடியும் வரையுமே அமைகின்றன. செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை யூனிவர்சலில் ஹாலோவீன் இரவு நிகழ்ச்சிகள் நடப்பதுண்டு. அந்த நாட்களில் பகல் விருந்தினருக்குப் பூங்கா வேளைக்கே மூடப்படும் என்பதால், ரிக்கெற் எடுக்குமுன் அன்றைய மூடும் நேரத்தைப் பாருங்கள். எந்த மாதமாக இருந்தாலும் பூங்கா நாட்களைச் செவ்வாய், புதன், வியாழனில் வைத்தால் வரிசைகள் கணிசமாகக் குறையும்.

கடவுச்சீட்டு, விடுமுறை அனுமதி, விசா

பயணத் திகதிக்குப் பின்னரும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இருவருக்கும் வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும். அவர்களே படத்தை இணையவழியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டுக் குறிப்பிட்ட பிரதேச செயலகங்களில் விரல் அடையாளம் கொடுக்கும் வசதியும் உண்டு. அதனால் பத்தரமுல்லைக்கு அலையாமல் வேலையை முடிக்க முடியுமா என்று முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

நம்மவர் பெயர்கள் விமானப் பதிவில் சிக்கலை உண்டாக்கும் என்பதால் இந்த இடத்தில் சற்று நின்று கவனியுங்கள். தந்தையின் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக விழுந்திருக்கும். அடையாள அட்டையில் அதுவே முதலெழுத்தாக இருக்கும். திருமணத்துக்குப் பின் மனைவி அன்றாடம் பயன்படுத்துவது கணவன் பெயராக இருக்கும். ரிக்கெற் பதியும் எவருக்கும், முகவருக்கும்கூட, பெயரை வாயால் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டின் படப்பக்கத்தைக் கொடுத்து, குடும்பப் பெயர் குடும்பப் பெயருக்குரிய இடத்திலும் ஏனைய பெயர்கள் அவற்றுக்குரிய இடத்திலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வந்திருக்கின்றனவா என்று பணம் கட்டுமுன் திரையில் பார்த்துவிடுங்கள். மனைவியின் கடவுச்சீட்டு தந்தை பெயரிலேயே இருந்தால் ரிக்கெற்றும் அந்தப் பெயரிலேயே இருக்கட்டும்; பயணத்துக்காக அவசரப்பட்டுப் பெயர் மாற்றத் தேவையில்லை.

அரச ஊழியர்கள், ஆசிரியர்கள் வெளிநாட்டில் விடுமுறையைக் கழிக்க முன் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் அதிபரிடமிருந்து வலயக் கல்வி அலுவலகம், மாகாணம் என்று படிப்படியாகப் போய்த் திரும்பக் காலம் எடுக்கும். இருவரும் அரச சேவையில் இருந்தால் இரண்டு விண்ணப்பங்களும் ஒரே வேகத்தில் நகரும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே இரண்டு அனுமதிகளும் கைக்கு வருமுன் பணம் திரும்பாத ரிக்கெற் எதையும் வாங்காதீர்கள்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டாமென்றாலும், வருகை அட்டையை அங்கே இறங்குவதற்கு முன், இறங்கும் நாள் உட்பட மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளம் அரசாங்கத் தளம் அல்ல. மலேசியாவுக்கு இலங்கையருக்கு விசா தேவை. அதை அந்நாட்டு அரசின் மின்விசாத் தளத்தில் எடுக்கலாம். மலேசியாவின் இலக்கமுறை வருகை அட்டையையும் அங்கே போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். விசா விதிகள் மாறக்கூடியவை என்பதால் ரிக்கெற் எடுக்கும் வாரத்தில் ஒருமுறை இரு நாடுகளின் அரச தளங்களையும் பாருங்கள். மலேசிய விசா கைக்கு வந்த பிறகே கோலாலம்பூர்ப் பகுதிக்கான ஹோட்டல்களுக்கும் திரும்பும் விமானத்துக்கும் முழுப் பணத்தையும் கட்டுங்கள்.

முதன்முறையாக வெளிநாடு போகும் இளந்தம்பதியரிடம் கட்டுநாயக்கவிலும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலும் கேள்விகள் கேட்பதுண்டு. சுற்றுலா என்று சொல்லி வேலைக்குப் போகிறவர்கள் இருப்பதால் அதிகாரிகள் கேட்கத்தான் செய்வார்கள். திரும்பும் ரிக்கெற், எல்லா இரவுகளுக்குமான ஹோட்டல் பதிவு, விடுமுறை அனுமதிக் கடிதம், விவாகச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி ஆகியவற்றை அச்செடுத்து ஒரே உறையில் வைத்திருங்கள். மலேசியாவில் ஒரே அறையில் தங்கும் முஸ்லிம் தம்பதியருக்கு அந்தச் சான்றிதழ்ப் பிரதி மேலும் அவசியமானது.

பணம்

செலவை நான்கு பங்காகப் பிரித்து எழுதுங்கள்: விமானமும் விசாவும், ஹோட்டல், பூங்கா நுழைவு, சாப்பாடும் போக்குவரத்தும். முதல் மூன்றையும் இலங்கையில் இருக்கும்போதே கட்டிவிடலாம்; கையில் கொண்டுபோக வேண்டியது நான்காவதற்கும் கடைப் பொருட்களுக்குமான பணம் மட்டுமே. யூனிவர்சல் நுழைவுச்சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறும். பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 80 சிங்கப்பூர் டொலர் என்று வைத்துக் கணக்குப் போட்டு, உங்கள் திகதியின் சரியான விலையைப் பூங்காவின் தளத்தில் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

வரிசையைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் சீட்டைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். கூட்டமான நாளில் அதன் விலை நுழைவுச்சீட்டின் விலையையே எட்டிப் பிடித்துவிடும். பாடசாலை விடுமுறை இல்லாத வாரத்தின் நடுநாளில் போகும் தம்பதியருக்கு அது தேவையில்லை என்பதே என் எண்ணம். விடுமுறைக் காலத்தில்தான் போக முடியும் என்றால், எக்ஸ்பிரஸுக்குக் கொடுக்கும் பணத்தையும் இன்னொரு நாள் நுழைவுக்குக் கொடுக்கும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுங்கள்.

வங்கி அட்டைகளை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி போவதற்கு முன்பே வங்கியில் சொல்லுங்கள். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலிலும் பஸ்ஸிலும் வங்கி அட்டையையே தட்டிவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு அட்டையில் ஒருவர்தான் போக முடியும் என்பதால் இருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். வெளிநாட்டு நாணயத்தை வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்றுநரிடமோ மட்டும் வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். வைத்திய செலவைத் தாங்கும் பயணக் காப்புறுதி ஒன்றையும் எடுங்கள். சிங்கப்பூரில் ஒரு கணுக்கால் சுளுக்குக்கூடப் பெரிய செலவாகிவிடும்.

நாட்களை அடுக்குதல்

பத்து இரவுகள் கொண்ட பயணத்துக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது. காலையில் சாங்கியில் இறங்கும் முதல் நாளில் தூக்கமும் குளிப்பும் மாலையில் லிட்டில் இந்தியாவிலுள்ள செரங்கூன் சாலையில் ஒரு நடையும் போதும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது என்பதால் உடம்புக்கு அன்று தூக்கக் கணக்கு தப்பியிருக்கும். இரண்டாம் நாள் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் கார்டன்ஸ் பை த பே பூங்காவின் மரக்கோபுரங்களில் இலவசமாக நடக்கும் ஒளி நிகழ்ச்சியைப் பாருங்கள். மூன்றாம் நாள் யூனிவர்சல். நான்காம் நாள் மதியம் வரை அறையைவிட்டு வெளிக்கிடாமல் இருந்துவிட்டு, இரவில் மண்டாயிலுள்ள நைட் சஃபாரிக்குப் போகலாம். 1994இல் திறக்கப்பட்ட அந்த இரவு விலங்குப் பூங்காவில் டிராமில் உட்கார்ந்தபடியே பெரும் பகுதியைப் பார்த்துவிடலாம் என்பதால் கால்களுக்கு வேலை குறைவு. ஐந்தாம் நாள் மீண்டும் செந்தோசா: நீர்ப்பூங்கா, ஓஷனேரியம், அல்லது யூனிவர்சலுக்கு இரண்டாம் முறை. ஆறாம் நாள் கோலாலம்பூருக்குப் பயணம். பஸ்ஸில் எல்லைச் சோதனையோடு ஐந்தாறு மணித்தியாலம் எடுக்கும். விமானத்தில் ஒரு மணித்தியாலம்தான் என்றாலும் விமான நிலையம் போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் வித்தியாசம் பெரிதல்ல.

ஏழாம் நாள் காலையில் பத்துமலை. 42.7 மீற்றர் உயர முருகன் சிலையும் 272 படிகளும் உள்ள அந்தக் குகைக் கோயிலை, மண்டூருக்கும் திருக்கோவிலுக்கும் போய்ப் பழகிய நம்மவர் யாரும் தவறவிட மாட்டார்கள். அதைப் பூங்காவுக்கு மறுநாளில் வைக்காமல் பூங்காவுக்கு முன்னாளில், வெயில் ஏறுமுன் வைத்துவிடுங்கள். களைத்த கால்களுக்கு அந்தப் படிகள் கடினம். எட்டாம் நாள் சன்வே லகூன், ஒன்பதாம் நாள் முழு ஓய்வும் கடைத்தெருவும், பத்தாம் நாள் கெந்திங், பதினோராம் நாள் கோலாலம்பூரிலிருந்தே கொழும்புக்கு விமானம். சிங்கப்பூருக்குத் திரும்பி வந்து ஏற வேண்டியதில்லை என்பதால், போவதும் வருவதும் வெவ்வேறு நகரங்களாக உள்ள ரிக்கெற்றைத் தேடுங்கள்.

பூங்காக்கள் சில வார நாட்களில் பராமரிப்புக்காக மூடப்படலாம். இந்த அடுக்கை இறுதியாக்குமுன் ஒவ்வொரு பூங்காவின் நாட்காட்டியையும் பார்த்து, தேவைப்பட்டால் முழு அடுக்கையும் ஒரு நாள் நகர்த்துங்கள். இடையிலுள்ள ஓய்வு நாளைப் பலியிட்டு ஈடுசெய்யாதீர்கள்.

தங்குமிடம்

சிங்கப்பூரில் செந்தோசாவுக்குள் தங்குவது விலை கூடியது. லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்தால், வடகிழக்கு ரயில் பாதையில் எங்கும் மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட் வரை போய், அங்கே விவோசிற்றி கடைத்தொகுதியின் மேல்தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலைப் பிடிக்கலாம். சாலையோரப் பாலத்தின் வழியே தீவுக்கு நடந்தும் போகலாம். வீரமாகாளியம்மன் கோயில், அப்துல் கபூர் பள்ளிவாசல், இரவிரவாகத் திறந்திருக்கும் உணவுக்கடைகள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இருப்பதால் பூங்காவிலிருந்து களைத்து வரும் இரவில் இடியப்பமோ தோசையோ தேடித் தூரம் போக வேண்டியதில்லை. கோலாலம்பூரில் இதற்கு இணையான இடம் பிரிக்ஃபீல்ட்ஸ்; பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் பக்கத்திலேயே உள்ளது.

உடையும் பொதியும்

பூங்கா நாளில் பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடப்பது சாதாரணம். பயணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே சப்பாத்து வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே மாலை நேரங்களில் பழைய கல்லடிப் பாலத்தின் மேலாகவோ உங்கள் ஊர்க் கடற்கரையோரமாகவோ நடந்து பழகுங்கள். கச்சான் காற்றடிக்கும் காலத்து வெக்கை நமக்குப் பழக்கம்தான். இருந்தாலும் புதுச் சப்பாத்துக் கடி யாருக்கும் பழகுவதில்லை.

தாலிக்கொடியைப் பற்றி எந்தப் பயண முகவரும் சொல்ல மாட்டார். கனமான கொடி வேகமான ரைடில் மேலெழும்பி முகத்தில் அடிக்கும். தோளைப் பிடித்து இறுக்கும் பாதுகாப்புச் சட்டத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அகப்பட்டு நோகும். கழற்றிப் பூங்காவின் பெட்டகத்தில் வைக்க யாருக்கும் மனம் வராது. பெரிய கொடியை ஊரில் வங்கிப் பெட்டகத்திலோ அம்மா வீட்டிலோ வைத்துவிட்டு, பயணத்துக்கு மட்டும் மெல்லிய சங்கிலியிலோ மஞ்சள் கயிற்றிலோ தாலியைக் கோத்து, கழுத்துவரை மூடிய உள்மேலாடைக்குள் விட்டுக்கொள்வது நல்லது. காப்பு, தொங்கட்டான், நீண்ட துப்பட்டா எதுவும் அன்றைக்கு வேண்டாம். ஹிஜாப் அணிவோர் ஊசி குத்தத் தேவையில்லாத, தலையோடு இறுகியிருக்கும் விளையாட்டு வகை ஹிஜாபைக் கொண்டுபோங்கள். நீர்ப்பூங்காச் சறுக்குகளில் பருத்தி உடையோடு விடமாட்டார்கள். உடலை முழுதாக மூடும் நீச்சல் உடையை இருவருமே வாங்கிக்கொள்ளலாம்.

வெற்றிலை போடும் பழக்கமுள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: சிங்கப்பூருக்குள் வாய்ப் புகையிலை, மின்சிகரெட், சூயிங் கம் கொண்டுபோவது சட்டவிரோதம். சிகரெட்டுக்கும் வரிச்சலுகை கிடையாது. தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு, மருந்தை அதன் உறையிலேயே கைப்பையில் வைத்திருங்கள். சித்தாலேப, ஜீவனி, கொப்புளத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர், மெல்லிய மழை அங்கி இரண்டு ஆகியவை சிறியவையானாலும் மிகப் பயன்படும்.

கட்டுநாயக்க வரை

கொழும்பிலிருந்து சிங்கப்பூர் போகும் விமானங்களில் சில நள்ளிரவு கழிந்து புறப்படுபவை. 12ஆம் திகதி 00.45 என்று ரிக்கெற்றில் இருந்தால் 11ஆம் திகதி இரவே நீங்கள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். இந்தத் திகதிக் கணக்கை இருவரும் தனித்தனியாகப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மட்டக்களப்பிலிருந்து வான் பிடிப்பவர்கள் பொலனறுவை, ஹபரணை, தம்புள்ளை வழியே குருநாகல் வந்து, அங்கிருந்து நீர்கொழும்புப் பாதையில் திரும்பினால் கொழும்பு நெரிசலுக்குள் போகாமலே கட்டுநாயக்கவை அடையலாம். ரயிலிலோ கல்முனை, அக்கரைப்பற்று இரவு பஸ்ஸிலோ வருபவர்களுக்குக் கொழும்பு கோட்டையிலிருந்து 187ஆம் இலக்க பஸ் உண்டு. எப்படி வந்தாலும் விமானத்துக்கு முந்திய பகலை நீர்கொழும்பில் ஒரு சிறு அறையில் கழித்துக் குளித்து உறங்கிவிட்டு ஏறுவதே நல்லது. ஏழெட்டு மணித்தியாலத் தரைவழிப் பயணத்தோடு அப்படியே விமானம் ஏறினால் முதல் இரண்டு நாட்களும் களைப்பிலேயே போய்விடும்.

யூனிவர்சலில் ஒரு முழு நாள்

திறக்கும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்பே வாயிலில் நில்லுங்கள். ஏறத்தாழ 20 ஹெக்டேயர் பரப்புள்ள இந்தப் பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக அமைந்தது. ஹாலிவுட் பகுதியால் நுழைந்து வலப்பக்கமாகப் போனால் நியூயோர்க், சைஃபை சிற்றி, பண்டைய எகிப்து, லொஸ்ட் வேர்ல்ட், ஃபார் ஃபார் அவே என்று வரிசையாக வந்து, 2025இல் திறக்கப்பட்ட மினியன் லேண்டில் சுற்று முடியும். வாயிலருகே படமெடுக்க நிற்காமல் நேரே சைஃபை சிற்றிக்குப் போய் டிரான்ஸ்ஃபோமர்ஸ் ரைடில் முதலில் ஏறுங்கள். பகல் ஏற ஏற அங்கேதான் வரிசை நீளும். படங்களை மாலையில் வெளிச்சம் தணிந்தபின் எடுக்கலாம், அப்போது ஆட்களும் குறைவு.

அதற்கருகிலுள்ள பட்டில்ஸ்ரார் கலக்டிகா என்ற இரட்டை ரோலர் கோஸ்டர், பயத்தில் வேறுபடும் தம்பதியருக்கென்றே அமைத்ததுபோல் இருக்கும். 42.5 மீற்றர் உயரத்தில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றோடொன்று பின்னிப் போகின்றன. சிவப்புத் தண்டவாளத்தில் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்து மணிக்கு 90 கிலோமீற்றர் வேகம் வரை போகலாம், தலைகீழாகச் சுழற்றாது. நீலத் தண்டவாளத்தில் கால்கள் அந்தரத்தில் தொங்க, பலமுறை தலைகீழாகச் சுழற்றும். ஒருவர் சிவப்பிலும் மற்றவர் நீலத்திலும் ஏறினால், பாதிவழியில் ஒருவர் பக்கத்தால் மற்றவர் பறந்து போவதைக் காணலாம். இரண்டுக்கும் அஞ்சுபவர் கீழே நின்றால் முழுப் பாதையும் கண்ணுக்குத் தெரியும், கைப்பையும் பத்திரமாக இருக்கும். கைப்பேசி உட்பட எதையும் சட்டைப் பையில் வைத்து ஏற விடமாட்டார்கள். வாயிலிலுள்ள பெட்டகம் முதலில் கொஞ்ச நேரம் இலவசம், நேரம் தாண்டினால் பணம் பிடிக்கும்.

அடுத்தது எகிப்துப் பகுதியின் மம்மி ரைடு. முழு இருட்டில் ஓடுவதும் இடையில் பின்னோக்கிப் போவதும் சேர்ந்து, உயரத்துக்கு அஞ்சாதவரையும் சில வேளை கலங்க வைக்கும். இவற்றைப் பதினொன்றரைக்குள் முடித்துவிட்டால் அன்றைய நாளின் பாரம் இறங்கியதாக வைத்துக்கொள்ளலாம். மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டரை மணிக் கூட்டத்துக்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். ஹலால் தேடுவோர் கடையின் முகப்பில் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; பூங்காவுக்குள் அத்தகைய கடைகள் உண்டு, ஆனால் எல்லாக் கடைகளும் அல்ல. வெள்ளிக்கிழமை விரதக்காரருக்கு மரக்கறித் தெரிவுகள் குறைவென்பதால் கட்டிப் போட்ட சிறுதீனி ஏதேனும் கைவசம் இருக்கட்டும்.

வெயில் உச்சத்தில் ஜுராசிக் பார்க் ரப்பிட்ஸ். வட்டப் படகில் ஒன்பது பேர்வரை ஏறலாம். முடிவில் இருட்டுக்குள் மேலே தூக்கி ஒரேயடியாகக் கீழே விடும்போது யாராவது ஒருவர் தோய்ந்தே போவார். மழை அங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நனைவதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே குறித்த நேரங்களில் வோட்டர்வேர்ல்ட் காட்சி நடக்கும். முன்வரிசைகள் வேண்டுமென்றே நனைக்கப்படும் இடங்கள் என்பதால், ரப்பிட்ஸ் முடித்து நனைந்த நிலையிலேயே அங்கே போய் உட்கார்ந்தால் ஒருமுறை காய்ந்து மறுமுறை நனையும் வேலை மிச்சம். அதன்பின் ஃபார் ஃபார் அவேயில் மெதுவான ரைடுகள், இறுதியாக மினியன் லேண்ட்.

மின்னல் கண்டால் வெளியரங்க ரைடுகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். சிங்கப்பூரில் இடிமின்னல் அதிகம். நிறுத்திய ரைடின் வாசலில் காத்திருக்காமல் டிரான்ஸ்ஃபோமர்ஸ், மம்மி போன்ற உள்ளரங்க ரைடுகளுக்குப் போய்விடுங்கள். தனியாள் வரிசை சில ரைடுகளில் உண்டு, வேகமாக நகரும். ஆனால் இருவரையும் வெவ்வேறு வண்டியில் ஏற்றுவார்கள். முதல்முறை சேர்ந்து ஏறுங்கள், இரண்டாம் முறைக்கு அந்த வரிசையைப் பயன்படுத்துங்கள்.

ஒன்றை மட்டும் காலையிலேயே முடிவுசெய்து வையுங்கள்: யாரேனும் ஒருவர் ‘போதும்’ என்றால், மணி நான்கானாலும் சரி, வெளியேறிவிடுவது. ஐந்தாம் நாளும் செந்தோசாவுக்கே வருவதால் விட்டுப்போனதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மலேசியாவில்

சன்வே லகூனுக்கு வெயிலுள்ள நாளே நல்லது; பெட்டகம் எடுத்து, உணவுக்கான பணத்தை மட்டும் நனையாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கெந்திங் வேறு விதமானது. ஏறத்தாழ 1,800 மீற்றர் உயரத்தில் இருப்பதால் நுவரெலியாவுக்குப் போவதற்கு எடுப்பதுபோலக் கம்பளிச் சட்டை வேண்டும். அவானா கேபிள் காரில் மேலே போகும்போதே குளிர் தெரியும். பிற்பகலில் மூடுபனியும் மழையும் இறங்குவது வழக்கம் என்பதால் வெளியரங்க ரைடுகளை முற்பகலில் முடித்துவிட வேண்டும். ஸ்கைவேர்ல்ட்ஸில் சில ரைடுகளுக்கு அதன் செயலி வழியாகவே வரிசை எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே மலேசிய சிம் அட்டையைக் கோலாலம்பூரில் இறங்கியவுடனேயே வாங்கி, செயலியை முதல்நாள் இரவே ஹோட்டலில் நிறுவி, மேலதிக மின்கலம் ஒன்றோடு போங்கள். இரவு நேரங்கழித்துக் கீழே இறங்குவதைத் தவிர்க்க விரும்பினால் அன்றிரவு மலையிலேயே தங்கலாம். மறுநாள் விமானம் மாலை நேரத்ததாக இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

கோலாலம்பூர் ரயில்களுக்கு ‘டச் அன் கோ’ அட்டையை இருவருக்கும் தனித்தனியே வாங்குங்கள். திரும்பும் நாளில் விமானம் எந்த முனையத்திலிருந்து புறப்படுகிறது என்பதை ரிக்கெற்றில் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தின் இரண்டு முனையங்களும் வெவ்வேறு ரயில் தரிப்பிடங்கள். கட்டுநாயக்கவில் நள்ளிரவில் இறங்குவதானால் ஊருக்குப் போகும் வானை முன்கூட்டியே பேசிவைத்து, விடுமுறைக் கடிதத்தில் வேலைக்குத் திரும்பும் திகதியை இறங்கும் நாளிலிருந்து இரண்டு நாள் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.